வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரலாமா? நான்-கம்பீட், நான்-சொலிசிட், பாண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பதினாறு ஆண்டுகள் ஹெச்.ஆர். வேலை பார்த்தேன். வேலையை விட்டுப் போகிறவர்கள் கையில், "நீங்கள் கையெழுத்திட்ட நிபந்தனைகளை நினைவூட்டுகிறோம்" என்று ஒரு கடிதம் கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்தது. அந்தக் கடிதத்துக்குப் பயந்து, கைக்கு வந்த நல்ல வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இன்றும் மனதை உறுத்துகிறது. அதே சமயம், நிஜமாகவே மாட்டிவிடக்கூடிய காரியங்களைச் சாதாரணமாகச் செய்துவிட்டுப் போனவர்களும் உண்டு. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது இரு சாராருக்கும் தெரியவில்லை. திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். வேறு நாடு என்று சொல்லாத இடமெல்லாம் இந்தியச் சட்டம்தான்.

நான்-கம்பீட், நான்-சொலிசிட், பாண்ட் எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. வேலையை விட்டபின் இத்தனை மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது, அதே தொழிலைத் தொடங்கக் கூடாது என்பது நான்-கம்பீட். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளரையும் ஊழியரையும் உங்கள் பக்கம் இழுக்கக் கூடாது என்பது நான்-சொலிசிட். இத்தனை காலம் வேலை செய்யாமல் போனால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பது பாண்ட்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இவை அடுத்தடுத்த பத்திகளாக வருவதால் ஒன்றே போலத் தெரியும். நீதிமன்றம் மூன்றையும் தனித்தனியாகத்தான் எடைபோடும். இவற்றோடு ரகசியக் காப்பு என்று நான்காவதாக ஒரு பத்தியும் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. நான்கிலும் வலுவானது அதுதான்.

சைன் போட்டுட்டேன். இனி ஒரு வருஷம் அந்தப் பக்கமே போக முடியாதா?

போகலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படியான தொழில், வணிகம், உத்தியோகம் எதையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது என்கிறது அது. நீங்கள் மனமறிந்து கையெழுத்துப் போட்டிருந்தாலும், செல்லாத நிபந்தனைக்கு அந்தக் கையெழுத்து உயிர் கொடுக்காது.

"ஒரு வருஷம்தானே, சென்னைக்குள்தானே, நியாயமான தடைதானே" என்று நிறுவனங்கள் வாதாடுவது உண்டு. இங்கிலாந்து நீதிமன்றங்கள் அப்படித்தான் நியாயம் பார்க்கும். இந்தியாவில் அந்தக் கதவு 1874லேயே மூடிவிட்டது. கல்கத்தாவில் ஒரே வட்டாரத்தில் கடை வைத்திருந்த இரண்டு பித்தளை வியாபாரிகள் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒருவர் அங்கே கடையை மூடிவிட வேண்டும், தொழிலாளர்களுக்கு அவர் கொடுத்திருந்த முன்பணத்தை மற்றவர் ஈடுகட்ட வேண்டும். கடையை மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். தடை ஒரு வட்டாரத்துக்கு மட்டும்தான் என்றாலும் ஒப்பந்தம் செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறிய தடை, பெரிய தடை என்ற பேதம் 27ஆம் பிரிவில் இல்லை.

உச்ச நீதிமன்றமும் இதையே 2006இல் உறுதிசெய்தது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்தம் முடிந்த பிறகும், வேறு நிறுவனத்துக்குப் போகும் முன் எங்களுக்குத்தான் முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்று பெர்செப்ட் டி'மார்க் நிறுவனம் கேட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் இப்படிக் கட்டுவது 27ஆம் பிரிவுக்கு விரோதம் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அப்படீன்னா வேலையில இருக்கும்போதே போட்டிக் கம்பெனிக்கும் வேலை செஞ்சு கொடுக்கலாமா?

கூடாது. மேலே சொன்னதெல்லாம் வேலை முடிந்த பிறகான கதை. வேலையில் இருக்கும் வரை உங்கள் உழைப்பு அந்த நிறுவனத்துக்கு மட்டும்தான் என்ற நிபந்தனை செல்லும். போட்டி நிறுவனங்களுக்கு மறைமுகமாக வேலை பார்த்ததாகச் சொல்லி 2022இல் விப்ரோ 300 பேரை நீக்கியதை அதன் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார்.

கால வரம்போடு போட்ட ஒப்பந்தம் என்றால் இன்னும் கவனம் தேவை. 1967இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கு இதற்கு அடிப்படை. கல்யாணில் இருந்த டயர் நூல் ஆலையில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த ஷிப்ட் மேற்பார்வையாளர், நெதர்லாந்து தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்றுவிட்டு, பாதியிலேயே கோட்டாவில் இருந்த போட்டி நிறுவனத்துக்குப் போனார். ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்துக்கு அவர் அங்கே அந்த வேலையைப் பார்க்கக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நோட்டீஸ் கொடுத்தால் விலகலாம் என்ற வழக்கமான ஆர்டருக்கும், ஐந்து ஆண்டு இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். உங்கள் காகிதம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

நோட்டீஸ் பீரியடும் வேலைக்காலம்தான். பேப்பர் போட்டாயிற்று என்பதற்காகக் கடைசி நாளுக்கு முன்பே புதிய இடத்துக்கு வேலை செய்துகொடுக்காதீர்கள்.

செல்லாதுன்னு கம்பெனிக்கும் தெரியுமே. அப்புறம் ஏன் எழுதுறாங்க?

பயம் வேலை செய்கிறது, அதனால்தான். 2022இல் இன்ஃபோசிஸ் ஆஃபர் லெட்டரில் இருந்த ஒரு நிபந்தனை பெரிய விவாதமானது. வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்கு, ஊழியர் முன்பு வேலை பார்த்துக் கொடுத்த அதே வாடிக்கையாளருக்காக டி.சி.எஸ்., அக்சென்ச்சர், ஐ.பி.எம்., காக்னிசன்ட், விப்ரோ ஆகியவற்றில் வேலை பார்க்கக் கூடாது என்றது அது. புனேயின் ஐ.டி. ஊழியர் அமைப்பு ஒன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. ஆனால் அப்படிப் புகார் கொடுக்காமல், வந்த ஆஃபரைத் தாங்களே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வழக்கே போடாமல் நிறுவனம் ஜெயித்துவிடுகிறது.

ஆர்டர் தயாரிக்கும் இடத்தில் இருந்த எனக்குத் தெரிந்த இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்தின் மாதிரிப் படிவம் அப்படியே இங்கே வந்துவிடும். இந்தியாவில் இந்த வரி நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை.

நூறு ரூபா பத்திரத்துல நோட்டரி கையெழுத்தோட வாங்கியிருக்காங்க. அப்ப செல்லும்தானே?

பத்திரம் என்பது முத்திரைத் தீர்வை கட்டியதற்கான அடையாளம். நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்குச் சாட்சி. 27ஆம் பிரிவின்படி செல்லாத தடையை இந்த இரண்டும் செல்லுபடியாக்காது. எத்தனை ரூபாய் பத்திரமாக இருந்தாலும் இதுதான் நிலை.

அப்ப ரெண்டு லட்ச ரூபா பாண்டும் செல்லாதா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நான்-கம்பீட் செல்லாது என்று கேள்விப்பட்டதும், பாண்டையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பாண்ட் செல்லக்கூடியது.

2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 2007இல் சேர்ந்த அதிகாரி 2009இல் வேறு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டு, அந்த நிபந்தனை செல்லாது என்று வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இந்த நிபந்தனை வேலைக்காலத்தைப் பற்றியது, அவர் வேறு இடத்தில் சேர்வதைத் தடுக்கவில்லை, ஆகவே 27ஆம் பிரிவு இதைத் தொடாது என்றது. பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தேர்வு, விளம்பரம் என்று செலவழிக்க வேண்டியிருப்பதையும், அவருடைய பதவியையும் சம்பளத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஆனாலும் எழுதியிருக்கும் தொகை முழுவதையும் தானாகவே கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை என்பது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 2011இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு: மூன்று ஆண்டு பாண்ட், 2 லட்ச ரூபாய். பயிற்சிக்காக நிறுவனம் செலவழித்தது 67,595 ரூபாய். ஊழியர் இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டார். மிச்சமிருந்த ஒரு ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 22,532 ரூபாய் தந்தால் போதும் என்று முடிந்தது. எனவே பாண்ட் பணம் கேட்டு வந்தால், "எனக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், எவ்வளவு செலவு, கணக்கைக் காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் இரண்டு வார அறிமுக வகுப்பைப் பயிற்சி என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களில், பேச்சின் திசை இந்தக் கேள்வியிலேயே மாறிவிடும்.

பாண்டுக்காகத் தேதி போடாத செக் வாங்கி வச்சிருக்காங்க. அதை பேங்க்ல போட்டா ஜெயிலா?

செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்கு வரலாம். ஆனால் அந்தப் பிரிவு, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தால்தான் பொருந்தும். நீங்கள் உண்மையில் எவ்வளவு தர வேண்டும் என்பதே தீராத கேள்வியாக இருக்கும்போது, அதுதான் உங்கள் எதிர்வாதம். கவனிக்க வேண்டியது காலக்கெடு. செக் திரும்பியது பற்றிய நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான். பேசாமல் இருந்துவிடாதீர்கள், அதற்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது இதைவிட மோசம். உங்கள் டிகிரியைப் பிணையாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். இனி சேரப் போகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது, ஒரிஜினலைக் காட்டிவிட்டு அன்றே கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு. போலீஸ் வருமா? என்ன செய்யணும்?

நான்-கம்பீட்டையோ பாண்டையோ மீறுவது சிவில் விவகாரம், அதற்காகக் கைது கிடையாது. வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு தரப்பின் கடிதம், நீதிமன்ற உத்தரவு இல்லை. பதறிப் போய் மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள், பணம் கட்டிவிடாதீர்கள். கோபத்தில் வாட்ஸ்அப்பில் பதில் போடவும் வேண்டாம், அது பின்னால் சாட்சியாகும்.

ஆர்டர், பாண்ட், ராஜினாமா மெயில், அதற்கு வந்த பதில், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். பீஸ் கட்ட வசதியில்லை என்றால், ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

நீங்கள் நிறுவனத்தின் கோப்புகளை எடுத்துப் போயிருந்தால் மட்டும் மேலே சொன்ன ஆறுதல் பொருந்தாது. அடுத்த பதிலைப் படியுங்கள்.

நான் எழுதின கம்ப்யூட்டர் கோடு, நான் போட்ட எக்செல். பெர்சனல் மெயிலுக்கு அனுப்பி வச்சுக்கிட்டா என்ன தப்பு?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலைப்பட்டு எழுதும் பதில் இது. வேலையின் பகுதியாக நீங்கள் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்துக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் கணினியிலிருந்து தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நான்-கம்பீட்டில் ஜெயிக்க முடியாத நிறுவனம் கையில் எடுப்பது இதைத்தான்.

நான் பார்த்த விசாரணைகளில் பலவும் ஒரே மாதிரி தொடங்கின. கடைசி வாரத்தில் ஜிமெயிலுக்குப் போன ஒரு மெயில், இல்லையென்றால் பென் டிரைவ் செருகிய பதிவு. போனவரின் எண்ணம் கெட்டதாகக்கூட இருக்காது, "என் உழைப்பின் நினைவாக" என்பார்கள். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆர்டர், உங்களுக்கு வந்த பாராட்டுக் கடிதம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல், கோடு, டிசைன் எதையும் தொடாதீர்கள்.

உங்கள் மூளையில் இருக்கும் அனுபவம் வேறு விஷயம். அதை யாரும் திரும்பக் கேட்க முடியாது. 2006இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தன் முன்னாள் அதிகாரி மீது தொடுத்த வழக்கில், ரகசியத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் ஊழியரின் வேலை தேடும் உரிமையைச் சுருக்க முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே வணிக ரகசியம் ஆகிவிடாது என்பதும் அதிலேயே வந்தது. வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024இல் தன் 289ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது.

பழைய கிளையண்ட் அவரா போன் பண்ணி "உங்ககிட்டதான் வேலை கொடுப்பேன்"கிறார். எடுத்துக்கலாமா?

நான்-சொலிசிட்டில் கனமான சொல் "இழுத்தல்". 2013இல் எஃப்.எல்.ஸ்மித் நிறுவனம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை அலசியது. அது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு என்றாலும் அளவுகோல் பயன்படும். இழுத்தாரா என்பது சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டிய விஷயம், அவராகப் போய் அணுகியதால்தான் அந்த ஆர்டர் வந்தது என்று வழக்குப் போட்டவர் காட்ட வேண்டும். ஆகவே தானாக வந்த வாடிக்கையாளரின் வேலையை ஏற்பது வேறு, தேடிப் போய்க் கேட்பது வேறு. அவர் முதலில் அனுப்பிய மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

லிங்க்டுஇன்னில் புதிய வேலையை அறிவிப்பதும் எல்லோருக்குமான செய்திதான். அதே செய்தியைப் பழைய நிறுவனத்தின் இருபது வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்பி, "விலை குறைத்துத் தருகிறேன்" என்று சேர்த்தால் நிலைமை மாறிவிடும்.

என் டீம்ல மூணு பேர் "அண்ணா, நாங்களும் வர்றோம்"கிறாங்க. கூட்டிட்டுப் போனா?

அவர்கள் போவதை யாரும் தடுக்க முடியாது, அவர்களுக்கும் 27ஆம் பிரிவு இருக்கிறது. சிக்கல் உங்களுக்குத்தான். நீங்கள் வேலையில் இருக்கும்போதே அவர்களைத் திரட்டினால் வேலைக்கால நிபந்தனையை மீறுகிறீர்கள். புதிய நிறுவனத்தின் பொது விளம்பரத்தைப் பார்த்து அவர்களாகவே விண்ணப்பிக்கட்டும், அவர்களின் தேர்வில் நீங்கள் தலையிடாமல் இருங்கள்.

இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள், "உன் ஆளை நான் எடுக்க மாட்டேன்" என்று எழுதிக்கொள்வது தனி வகை. 2006இல் விப்ரோவுக்கும் பெக்மன் கூல்ட்டருக்கும் நடந்த வழக்கில், அந்த நிபந்தனை எதிர் நிறுவனத்தைத்தான் கட்டுகிறது, ஊழியரைக் கட்டவில்லை, ஆகவே 27ஆம் பிரிவில் வராது என்று தில்லி உயர் நீதிமன்றம் முடிவு செய்தது.

என்னை அவங்களே வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. அப்பவும் நான்-கம்பீட்டா?

இதே கேள்விதான் 1980இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கில். நிறுவனமே நீக்கிய மேலாளர் சொந்தமாக அதே தொழிலைத் தொடங்கினார். ஒப்பந்தத்தில் "விட்டுச் சென்றபின்" என்றிருந்த சொல், தானாக விலகுவதைத்தான் குறிக்கும், நீக்கியதைக் குறிக்காது என்று நீதிபதிகள் கொண்டனர். ஒரு நீதிபதி இன்னும் மேலே போய், எப்படி வெளியேறியிருந்தாலும் 27ஆம் பிரிவுப்படி அந்தத் தடையே செல்லாது என்று எழுதினார்.

நான் டியூஷன் சென்டர் வச்சிருக்கேன். எங்கிட்ட வேலை பார்த்த டீச்சர் அடுத்த தெருவுலயே ஆரம்பிச்சு, பாதிப் பசங்களக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் சட்டம் இல்லையா?

இந்த வருத்தம் நியாயமானது. சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய அடி. திருப்பூரில் பையர் தொடர்பையெல்லாம் பார்த்துக்கொண்ட மெர்ச்சண்டைசர் தனியாகப் போய்விட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த ஆசிரியரின் சென்டரை மூடச் சொல்லி உத்தரவு வாங்க முடியாது. பெற்றோர் எண்கள் இருந்த பதிவேட்டையோ நீங்கள் தயாரித்த பாடக்குறிப்புகளையோ நகலெடுத்துப் போனார் என்று காட்ட முடிந்தால், அதைப் பயன்படுத்தாமல் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் முடியும். ஒப்பந்த மீறலுக்கான வழக்குக்கு மூன்று ஆண்டு கால வரம்பு.

இனிமேலுக்கு யோசித்தால், நான்-கம்பீட்டை நம்பாதீர்கள். எது ரகசியம் என்று பெயர் சொல்லி எழுதி வையுங்கள். நோட்டீஸ் காலத்தைச் சற்று நீளமாக வைத்து, அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லலாம், அதற்குள் வாடிக்கையாளரிடம் நீங்களே நேரில் பேசிவிடலாம். வேலை முடிந்த பிறகும் பணம் தருகிறோம், மூன்று மாதம் சும்மா இருங்கள் என்று நீட்ட முயன்ற வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் நிபந்தனையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே அது நோட்டீஸ் காலத்துக்குள் முடிய வேண்டும்.

முக்கியமான ஆள் என்றால் அவரை நிஜமாகவே பங்குதாரராக்குவது பற்றி யோசியுங்கள். 1932ஆம் ஆண்டின் பங்காண்மைச் சட்டம் 36ஆம் பிரிவு, விலகும் பங்குதாரர் குறிப்பிட்ட காலத்துக்கோ எல்லைக்குள்ளோ போட்டித் தொழில் செய்வதில்லை என்று நியாயமான அளவில் ஒப்புக்கொள்ள அனுமதிக்கிறது. நற்பெயரோடு சேர்த்துத் தொழிலை விற்பவருக்கும் 27ஆம் பிரிவிலேயே விதிவிலக்கு உண்டு. ஸ்டார்ட்அப்பை விற்ற நிறுவனர்கள், "நான்-கம்பீட் செல்லாதே" என்று நம்பி இறங்கிவிட வேண்டாம். அவர்களுக்கு அது செல்லக்கூடும்.

துபாய்ல வேலை. அங்கயும் இதே கதைதானா?

இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் 10ஆம் பிரிவு, காலம், இடம், வேலையின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை நான்-கம்பீட் போட அனுமதிக்கிறது. முதலாளி சட்டத்தை மீறி உங்களை நீக்கியிருந்தால் அது பொருந்தாது. சிங்கப்பூரில் தடை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். கலிஃபோர்னியாவில் ஊழியர் மீதான நான்-கம்பீட் செல்லாது. அமெரிக்கா முழுவதற்குமாக அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் (எஃப்.டி.சி.) நான்-கம்பீட்டுக்கு எதிராக 2024 ஏப்ரலில் கொண்டுவந்த தடையை அதே ஆகஸ்டில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது, 2025இல் எஃப்.டி.சி. மேல்முறையீட்டையும் கைவிட்டது. ஆகவே அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

நான்-கம்பீட்ல கையெழுத்துப் போட்டாதான் ரிலீவிங் லெட்டர்ங்கிறாங்க. எப்படி முடிச்சுட்டு வர்றது?

புதிதாக நீட்டும் எந்தக் காகிதத்திலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று மெயிலில் எழுதுங்கள். கடைசி நாளில் கையெழுத்து வாங்கியதாலேயே செல்லாத நிபந்தனை செல்லுபடியாகிவிடாது, ஆனால் பண விஷயமாக அதில் ஒப்புக்கொள்ளும் வரிகள் உங்களைக் கட்டக்கூடும். குறிப்பாக, "எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பளப் பாக்கியைப் பிணையாக வைத்துக்கொள்ள முடியாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தரச் சொல்கிறது. பி.எஃப். பணம் உங்களுடையது. வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதியவில்லை என்றால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நீங்களே பதியலாம்.

நிறுவனத்தோடு சுமுகமாக இருந்தால், நிபந்தனையிலிருந்து விடுவிப்பதாக ஒரு மெயில் கேட்டுப் பாருங்கள். நான் ஹெச்.ஆரில் இருந்தபோது கேட்டவர்களில் பலருக்கு அது கிடைத்தது, கேட்டவர்கள்தான் குறைவு. எந்த நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்று சொல்லும் கட்டாயம் பொதுவாக இல்லை. ஆர்டரில் அப்படிச் சொல்ல வேண்டும் என்று இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புதிய நிறுவனத்திடமும் பழைய நிபந்தனையைச் சேரும் முன்பே காட்டிவிடுங்கள். லேப்டாப், ஐ.டி. கார்டு, சிம் எல்லாவற்றையும் ஒப்படைத்ததற்கு, தேதியோடு கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.